பேர் இல்லாத ஃபைல்

"உங்க கம்ப்யூட்டரை செக் பண்ணி முடிச்சாச்சு சார். தீபாவளி ஆர்டர் எல்லாம் பத்திரமா இருக்கு," என்றாள் கம்ப்யூட்டர் கடை ஜெஸ்லின்.

பட்டாசு கம்பெனி மேனேஜர் ராஜபாண்டியன் பூரித்துப்போனார். "கெட்டிக்காரப் புள்ள!"

"பட்டியல்ல பேர் இல்லாம ஒரு ஃபைலும் கெடந்துச்சு. யாரோ அழிக்கும்போதே கரண்டு போயிருக்கு. பேருதான் போச்சு, உள்ள இருக்கது அப்படியே இருக்கு."

"என்ன ஃபைலு?"

"வெடிவிபத்து நடந்த அன்னைக்கு வருகைப் பதிவு. நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்ல ஒம்பது பேர்."

அவர் குரல் இறங்கியது. "அதை அழிச்சிரு தாயி."

"அதுக்கு முந்தி ஒம்பதாவது பேரை வாசிங்க சார்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "ஞானஜோதி..."

"எங்கம்மா சார். நஷ்டஈடு கேட்டப்ப, அன்னைக்கு வேலைக்கே வரலைன்னு எழுதிக் கொடுத்தீகளே, அவங்கதான்."