ஒரு நெல் நீளம்

தெரியுது என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாரும் கீழே இறங்கிச் சாப்பிடப் போகலாம்.

ஞானசுந்தரி அந்தச் சொல்லை நாக்கின் கீழ் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள். பழகின சொல்தான். கேட்டபோதெல்லாம் தயங்காமல் வந்திருக்கிறது.

மொட்டை மாடியில் வடக்குப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது அவள் கணவன் தேவராஜனின் டெலஸ்கோப். அவன் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ரஷ்யாக்காரன் வானத்தில் உருண்டையை ஏற்றிவிட்ட வருஷம் பிடித்த கிறுக்கு, இன்னும் இறங்கவில்லை. முன்பக்கத்து வில்லை மூர்மார்க்கெட்டில் வாங்கியது. தகரக் குழாய் வாலாஜாபாத்தில் உருட்டியது. பின்பக்கத்தில் கண் வைக்கும் அட்டைக்குழாய், பட்டுச்சேலை சுற்றி வந்தது. அதை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோதான் பார்வையைத் தெளிய வைக்க வேண்டும்.

தெளிகிற இடத்தில் தேவராஜன் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தான்.

தினமும் அவன் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கும்போது, அந்தக் கோடு ஒரு நெல் நீளம் உள்ளே போயிருந்தது.

“எதுவோ வந்து தள்ளிக்கினே கீது,” என்பான். “குரங்குதான். வேற யாரு வரப்போறா மாடிக்கு?”

“குரங்காத்தான் இருக்கும்,” என்று காபியை ஆற்றித் தருவாள்.

குரங்கு அவள்தான்.

எட்ட இருப்பதெல்லாம் சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தண்ணீர் தெளித்த கோலம். கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்று அம்மா அதை வெளியே விடவில்லை. கட்டியவனிடம் சொல்ல வேளை வரவில்லை. பிறகு சொல்வதே வெட்கமாகிவிட்டது.

டெலஸ்கோப்பைத் தூசி தட்டப் போன ஒரு மத்தியானம் கை பட்டுக் குழாய் உள்ளே நகர்ந்தது. ஏரிக்கரை துலங்கிவிட்டது. பனையில் மட்டை மட்டையாக. மாட்டின் கழுத்தில் மணி, மணியைக் கட்டிய கயிறு. எல்லாம் தலைகீழாக. அந்தக் குழாயின் சுபாவம் அது. நட்சத்திரத்துக்கு மேல் எது, கீழ் எது என்பான் தேவராஜன். அவளுக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை.

ஒருநாள் கரைமேல் ஒருவன் சைக்கிளில் தலைகீழாக வந்தான், கூட வந்தவனோடு சிரித்துப் பேசியபடி. நல்ல சிரிப்பு. யார் இவன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டைப் பையில் தான் போட்ட தையலை வைத்துத்தான் புருஷன் என்று அடையாளம் தெரிந்தது.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் அவள் தூங்குவதே இல்லை.

இன்று அதற்குத்தான் முடிவு வந்திருந்தது. ஆபீஸிலிருந்து தேவராஜன் முத்திரை அரக்கு கொண்டுவந்திருந்தான். கும்முட்டி அடுப்பை மாடிக்கு ஏற்றி, கரண்டியில் அரக்கை உருகப் போட்டவளும் அவளே.

“இன்னிக்கு எல்லார் கண்ணுக்கும் கோட்டுமேல சரியா தெரிஞ்சிதுன்னா, அரக்கு ஊத்தி இறுக்கிடுவேன். அப்பறம் குரங்கு என்னா பண்ணுதுன்னு பாக்கறேன்.”

பார்க்க வேண்டியது அருந்ததி. கல்யாணத்தில் காட்டுவார்களே, அதே அருந்ததிதான், பக்கத்திலேயே வசிஷ்டர். அவன் குறிபார்த்து, தான் முதலில் கண்டு, விலகி நின்றான்.

ஹெட்கிளார்க் தாண்டவராயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இடக்கண்ணா வலக்கண்ணா என்று கேட்டு, வெகுநேரம் குனிந்திருந்தார்.

“அடேயப்பா. வைரத் தோடு மாதிரி ஜோடியா கீதுப்பா.”

அவர் மனைவி சொக்கம்மாள் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தேவராஜனின் அண்ணன் பன்னீர்செல்வம் குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார். “தெரியுது, தெரியுது. என் கல்யாணத்துல பட்டப்பகல்லயே தெரிஞ்சிது, இப்பவா தெரியாது?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் முறை வந்தது.

கோட்டுமேல் வைத்தால் தனக்கு இரண்டு மங்கல் பூக்களாவது தெரியும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. இருட்டில் யாரும் பார்க்காமல், குழாயை ஒரு நெல் நீளம் உள்ளே தள்ளினாள். இப்போதும் கறுப்பு. துலக்கமான, சுத்தமான கறுப்பு.

நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்காது, நகர நகரக் குழாயைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ முறை சொன்னவன் தேவராஜன். வந்தவர்களுக்குக் காட்டுகிற மெப்பில் அவனே மறந்துபோயிருந்தான். அருந்ததி எப்போதோ நழுவிவிட்டாள். தாண்டவராயனின் வலக்கண்ணுக்காவது அகப்பட்டாளோ என்னவோ.

“தெரியுதில்ல?” என்றான் தேவராஜன்.

கல்யாணத்தன்று உச்சிவெயிலில் ஐயர் கைகாட்டிய பக்கம் அவள் பார்த்தாள். ஒரே வெள்ளைப் புகை. கண் பழுது வெளிப்பட்டுவிடுமோ என்று நடுங்கித் தெரியுது என்றாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற, கண்ணில் எந்தப் பழுதும் இல்லாத மாப்பிள்ளையும், அதே வெயிலைப் பார்த்துத் தெரியுது என்றான்.

அவன் இப்போது காதருகே குனிந்தான். “எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சி சுந்தரி. நீயும் தெரியுதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அரக்கு பொங்கிடப் போவுது.”

அவள் குழாயிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“எனக்குத் தெரியலீங்க.”

சொல்லிவிட்டு, கரண்டியை நெருப்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.