யுகியானகியை வெட்டிய கை

"மறுபடியும் வெட்டியிருக்கே, ஃபுசாயே."

கணவர் கென்சாகு கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது ஃபுசாயேவுக்கு.

கொல்லையில், ஓடை ஓரமாக ஆறு ஸ்பைரியாச் செடிகள். ஜப்பானின் நாகானோ பக்கத்தில் யுகியானகி என்பார்கள். ஏப்ரல் வந்தால் இலையே தெரியாமல் வெள்ளை வெளேரென்று பூத்து, கிளைகள் வளைந்து தரையைத் தொடும். அவற்றில் நான்காவது செடியும் இன்று முழங்கால் உயரத்துக்குக் குட்டையாகியிருந்தது. நவம்பர் மாதத்து உறைபனி படிந்த புல்லின்மேல் கிளைகள் சிதறிக் கிடந்தன. வெட்டிய இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

"நான் வெட்டலைங்க. இப்பத்தானே எழுந்து வர்றேன்."

"நானும் வெட்டலை. இந்த வீட்டிலே வேற யாரு இருக்கா?"

முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் சிக்னல் பார்த்த மனிதர் அவர். ஒரு நாள் தவறியதில்லை. பதியன் கேட்டு வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்துவார். "பூ உதிர்ந்ததும் வெட்டிடணும். தள்ளிப் போடக் கூடாது. கோடையிலேயே அடுத்த வருஷத்து மொட்டு உள்ளே உட்கார்ந்துடும். அப்புறம் கத்தரி வெச்சா, வெட்டுறது கிளையை இல்லை, பூவை." அப்படிப்பட்டவர் நவம்பரிலா கத்தரியை எடுப்பார்?

அப்படியானால் தான்தான்.

ஃபுசாயே உள்ளங்கைகளை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை. கையைக் கழுவியிருக்கிறாள். எப்போது கழுவினாள் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் அடுப்பில் வைத்த கெட்டில் மறந்தது. பிறகு வீட்டுக்கு வரும் வழி. கடைசி மூன்று வருடம், சோறு ஊட்டும் மகளைப் பார்த்து, "நீங்க ரொம்ப நல்லவங்க, உங்க அம்மா எங்கே இருக்காங்க?" என்று கேட்டாள். அம்மாவுக்கு அது வந்தபோது வயது அறுபத்தெட்டு. ஃபுசாயேவுக்கு அறுபத்தேழு.

அன்று சாயங்காலம் கத்தரியைத் தன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்தாள். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினாள்: 'இரண்டு செடி மிச்சம். நான் தொடவில்லை.'

மறுநாள் விடிந்து அவள் எழுந்தபோது ஒரு செடிதான் மிச்சம். கத்தரி கொல்லைப் படியில் கிடந்தது.

நோட்டைக் காட்டினாள். கென்சாகு கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். "எழுதி வெச்சும் வெட்டியிருக்கே. நீ ஒளிச்ச இடம் உனக்குத்தானே தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதே. நான் இருக்கேன் இல்ல?"

அன்றைக்கே சமையலறை முழுவதும் சீட்டு எழுதி ஒட்டினார். 'அரிசி.' 'தேயிலை.' 'கேஸை மூடு.' குளியலறைக் கதவில்கூட ஒன்று. ஒவ்வொன்றையும் ஒட்டிவிட்டு, "உனக்காகத்தான்" என்றார். ஃபுசாயே தலையாட்டிக்கொண்டே அழுதாள்.

"டாக்டர்கிட்ட போயிடலாங்க. எதுவா இருந்தாலும் தெரிஞ்சுக்கணும்."

"போலாம். நானும் வர்றேன்."

மலை உச்சியில் முதல் பனி விழுந்திருந்தது. பேருந்தில் அவர் அவள் கையை விடவே இல்லை. மருத்துவமனையில் அவரை வெளியே நர்ஸ் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

டாக்டர் இளம்பெண். மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைக்கச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். ஐந்து பொருளைக் காட்டி மறைத்தாள். என்ன தேதி, என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஃபுசாயே டாக்டரின் பேனாவையே பார்த்தாள். அது எதையோ எழுதிக்கொண்டே இருந்தது.

நர்ஸ் வந்து டாக்டரின் காதருகே ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சொல்லிடுங்க டாக்டர். எங்கம்மாவைப் பார்த்தவ நான். தாங்கிப்பேன்."

"ஃபுசாயே அம்மா, முப்பதுக்கு இருபத்தொன்பது வாங்கியிருக்கீங்க. என் வயசுக்காரங்களே இவ்வளவு வாங்க மாட்டாங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லை."

ஃபுசாயே மேசையைப் பிடித்துக்கொண்டாள். நாள்கணக்காக நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது. சிரிப்பும் வந்தது. எழுந்து கதவு வரை போனவள் திரும்பினாள்.

"அப்படின்னா... செடியை வெட்டினது?"

டாக்டர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"கொஞ்சம் உட்காருங்கம்மா. உங்க கணவர் வெளியே நர்ஸ்கிட்ட அவசரப்படுத்திட்டே இருக்காராம். ஏப்ரல் முடியப் போகுது, யுகியானகி நேத்துதான் பூ உதிர்ந்துச்சு, வீட்டுக்குப் போய் இன்னிக்கே வெட்டணும்கறாராம்."