காந்தா ஃபெயிலான பரீட்சை

"பாட்டு வேணாம், சமையல் வேணாம். பொண்ணு இங்கிலீஷ்ல கடுதாசி எழுதணும். அவ்ளோதான்" என்றாள் பட்டம்மாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக்கார வீராசாமி வீடு. அன்றைக்குத் தறிக்கு லீவு. ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் பட்டம்மாள், மகன் சிட்டிபாபுவுக்குப் பெண் பார்க்க வந்திருந்தாள்.

கடைச் சேலையெல்லாம் பம்பாய் சேட்டுக்குப் போகிறது. சேட்டுக்கு இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். சிட்டிபாபு படித்தது அஞ்சாவது. பட்டம்மாளுக்கு அதுவும் இல்லை.

இத்தனை நாள் எழுதிக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன் அப்பாதுரை. ரங்கூன் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து, வெறுங்கையோடு திரும்பி, தங்கச்சி வீட்டில் ஒண்டிக்கொண்டவர். இப்போது அவருக்குக் கண் சரியில்லை.

"கேளுண்ணா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸுன்றாங்க. எவ்ளோ தேறுதுன்னு பார்த்துடலாம்."

வெற்றிலைத் தட்டு பட்டம்மாள் பக்கத்திலேயே இருந்தது. பெண் தேறினால் இன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

வீராசாமிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. காந்தா இங்கிலீஷில் எழுபத்தெட்டு மார்க். தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் படித்துச் சொல்கிறவள் அவள்தான்.

அப்பாதுரை தொண்டையைச் செருமினார். "ஹவுஸ், ஹோம். ரெண்டும் வீடுதான். என்னாம்மா வித்தியாசம்?"

"ஹவுஸ்னா செங்கல்லும் ஓடும். ஹோம்னா அதுல நமக்குன்னு ஆளுங்க இருக்கணும்."

சிட்டிபாபு நிமிர்ந்து உட்கார்ந்தான். வீராசாமி, வந்தவர்களுக்கு இன்னும் ரெண்டு போண்டா வைத்தார்.

"சரி. பேச்சிலர்னு ஒரு ஆளு. விடோயர்னு ஒரு ஆளு. ரெண்டு பேருக்கும் என்னா வித்தியாசம்?" அப்பாதுரை ஒரு வாய் காபி குடித்துவிட்டு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "இந்த ரெண்டுலயும் சேராத ஆம்பளைன்னா, அவன் யாரு?"

காந்தா வாயைத் திறந்தாள். பெரியவர் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"தெரியாதுங்க."

வீராசாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "யோசிச்சுச் சொல்லும்மா."

"தெரியலப்பா."

"போவட்டும்" என்றார் அப்பாதுரை. "ஆர்டர், ரிக்வெஸ்ட்?"

"ஆர்டர்னா கெஞ்சிக் கேக்கறது. ரிக்வெஸ்ட்னா அதட்டிக் கேக்கறது."

அப்பாதுரை தலையில் கை வைத்துக்கொண்டார். "தலைகீழா சொல்லுதே. இது கையில பேனாவைக் குடுத்தா, தயவுபண்ணி சரக்கை எடுத்துக்குங்கன்னு எழுத வேண்டிய இடத்துல, எடுடா சரக்கைன்னு எழுதிடும்."

"ஐயய்யோ" என்றாள் பட்டம்மாள். "சேட்டு அடுத்த ரயில்லயே சேலையைத் திருப்பிடுவானே."

"இன்னொண்ணு கேளு மாமா" என்றான் சிட்டிபாபு. அவனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது.

"டால், ஹை? ரெண்டும் உசரந்தான்."

"ஆளு ஹை. மலை டால்."

"போச்சு. இதுவும் தலைகீழு. சுத்தமா வரல, பட்டு. இந்தப் பொண்ணு நமக்கு ஒத்துவராது." திட்டும்போது பெரியவர் குரல் என்னவோ கணீரென்று இருந்தது.

பட்டம்மாள் தட்டை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டாள். "எஸ்.எஸ்.எல்.சி.யாம்" என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள்.

அவர்கள் தெருமுனை தாண்டினதும் வீராசாமி கதவைச் சாத்தினார்.

"எழுபத்தெட்டு மார்க்கையும் உனக்கு எவ எழுதிக் குடுத்தா? தெருவே நின்னு சிரிக்குது. தறிக்காரன் பொண்ணுக்கு இப்படி ஒரு இடம் இனிமே வருமா?"

காந்தா மிச்சமிருந்த போண்டாவில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். "எல்லாம் தெரியும்பா."

"என்னா தெரியும்?"

"பேச்சிலர்னா கல்யாணமே ஆவாதவன். விடோயர்னா பொண்டாட்டி செத்துப்போனவன்."

"ரெண்டுலயும் சேராதவன்?" கேட்ட பிறகுதான் வீராசாமிக்கே உறைத்தது.

"பொண்டாட்டி உசுரோட இருக்கிறவன். மாப்பிள்ளையைப் பார்த்துக்கினுதான் கேட்டாரு."

வீராசாமி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். "அதான் அந்தப் பட்டம்மா, ஆரணிக்கு வந்து விசாரிக்கறதெல்லாம் எதுக்கு, நல்ல நாள் போயிடும்னு அவசரப்படுத்தினாளா." துண்டை உதறித் தோளில் போட்டார். "பஸ்ஸு இன்னும் கெளம்பியிருக்காது. போயி உலுக்கிடறேன்."

"வேணாம்பா."

"வேணாமா? அப்பவே பட்டுனு பதிலைச் சொல்லியிருந்தா, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டு அனுப்பியிருப்பேன். நீ எதுக்கும்மா முட்டாளு மாதிரி உக்காந்துக்கினு இருந்தே?"

காந்தா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நான் பதிலைச் சொல்லியிருந்தா, அந்தக் கிழவருக்கு நாளைக்கு யாருப்பா சோறு போடுவாங்க?"