புதுத் தரையில் பூவாயி

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், செமோர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பத்துமலை தன் வீட்டுத் தரையைத் தானே சரிசெய்தார். குண்டு விழுந்த அதிர்வில் இரண்டு பாய் அகலத்துக்குத் தரை பெயர்ந்திருந்தது. ஓரங்களைக் கொத்திவிட்டுத் தண்ணீர் தெளித்தார். எங்கோ கிடைத்த அரை மூட்டை சிமெண்டில் மணல் கலந்து பூசினார். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டுவைத்தார். தரை கல்லாக இறுகியது.

எட்டாம் நாள் மகள் பூவாயிக்குக் காய்ச்சல் கொதித்தது. கொயினா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. தரை குளிர்ச்சியாக இருக்குமென்று மனைவி நல்லம்மாள் பிள்ளையை அதில் கிடத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

திரும்பியபோது பூவாயி எழுந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு சில்லென்றிருந்தது.

"அம்மா, பசிக்குது."

தரையில் பிள்ளையின் முதுகு பதிந்திருந்தது. பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்த பெரிய உடம்பு ஒன்றும் பதிந்திருந்தது. அதன் கை பிள்ளையின் தலைக்கடியில் நீண்டிருந்தது.

பத்துமலை சுத்தியலால் தட்டினார். பொறி பறந்தது.

"மறுபடி பூசிடவா?"

"வேணாங்க. தொட்டுப் பாருங்க."

பெரிய உடம்பு பதிந்த பள்ளம் அனலாகக் கொதித்தது. நல்லம்மாள் துணியை நனைத்து, நெற்றி இருக்கும் இடத்தில் போட்டாள்.