பதினேழாம் நம்பர் கல்

மேலூர் ரோட்டோரம் காலை வெயில் உளுந்துச் செடிகள்மேல் இப்போதுதான் இறங்குகிறது. வேலிக்கான கல்தூண்களைச் சுமந்த லோடு ஆட்டோ உறுமிக்கொண்டு நிற்கிறது. நாற்பது பிளாட்டாகப் போட்ட நிலம் அது. வாங்கியவர்கள் வந்து வேலி போடும்வரை பொன்னழகு அதில் விதைத்துக்கொள்கிறாள். இன்னும் பத்தே நாளில் காய் பறிப்பு. அதற்குள் ஓர் ஆள் வந்தாயிற்று. மதுரையில் வளையல் கடை வைத்திருக்கும் ஜலால், மனை வரைபடத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்க்கிறார். செடி மூடியதில் மனை நம்பர் கல் ஒன்றும் தெரியவில்லை. “பதினேழு எதும்மா?” பொன்னழகின் கண் கிழக்கு மூலைக்குப் போகிறது. அங்கே பாதிச் செடி கருகிக் கிடக்கிறது. அதைக் காட்டிவிட்டால் வேலி அங்கே விழும், நல்ல விளைச்சல் பிழைக்கும். இவருக்குத் தெரியவா போகிறது? ஆனாலும் காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் நடுவயலில் இறங்கிச் செடிகளை விலக்குகிறாள். களையில்லாத மண்ணில் 17 பளிச்சென்று தெரிகிறது. “இந்தா இருக்கு பாய்.”

ஜலால் பக்கத்து மனையைப் பார்க்கிறார். வேலி போட்டுப் பூட்டிய மனை. உள்ளே ஆளுயரத்துக்குச் சீமைக் கருவேலம். “அதை வெட்ட எம்புட்டு கேப்பாங்க?” “வெட்டுறதா? ஜேசிபிதான் வரணும் பாய்.” அவர் வரைபடத்தை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். “வேலி வேணாம், நம்மது இப்படியே இருக்கட்டும். நோன்புக்கு வடை சுட ரெண்டு படி உளுந்து குடுத்துரு, போதும்.” “நாலு படியாவே கொண்டாறேன். கைநெறய வளையல் போட்டு விடணும்.” லோடு ஆட்டோ கல்தூண்களோடு திரும்புகிறது. பொன்னழகு கையை எடுக்கிறாள். விலகி நின்ற செடிகள் மெல்லச் சாய்ந்து பதினேழை மூடிக்கொள்கின்றன.