இடத்தைக் காலி செய்யும் விதி

மனோர் பார்க்கில் கவுன்சில், அதாவது நகரசபை, வாடகைக்கு விடும் தோட்டத்தில் தேனீ வளர்ப்பவர்கள் மூன்று பேர். குளிரில் யாருடைய ஈக்கள் சாகின்றனவோ அவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று ஆண்கள் இருவரும், கிறிஸ்துநாயகமும் செல்வரத்தினமும், விதி போட்டார்கள். புதிதாக வந்த டொலறஸைக் கிளப்புவதற்காகத்தான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மார்ச்சில், உறைபனி விலகாத ஒரு காலையில், கிறிஸ்துநாயகம் அவளுடைய தேனீப் பெட்டியைக் காட்டினார்.

“ஒரு ஈயும் வெளியிலை வரேல்லைப் பிள்ளை. கதை முடிஞ்சுது. இடத்தை விடும்.”

“உங்கடையிலையும் காணேல்லையே, அண்ணை?”

“எங்கடை கெட்டிக்கார ஈயள். போர்த்துக்கொண்டு படுத்திருக்கு,” என்றார் செல்வரத்தினம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அப்ப உயிரோடை உள்ள ஒரு பெட்டியை எனக்கு விலைக்குத் தாங்கோ. அதோடை வெளிக்கிடுறன்.”

சிரிப்பு நின்றது.

“செல்வரத்தினத்திட்டைக் கேளும்,” என்றார் கிறிஸ்துநாயகம்.

“இவரிட்டையே கேளும்,” என்றார் செல்வரத்தினம்.

டொலறஸ் அவர்களுடைய பெட்டிகளை விரல் முட்டியால் தட்டினாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பிறகு தன் பெட்டிக்குப் போனாள். குளிரில் தேனீக்கள் வெளியே வராது. பந்தாகத் திரண்டு, பறக்காமலே தசைகளை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டிருக்கும். தட்டினால் சீறும்.

தட்டினாள். பெட்டி சீறியது.

“விதியை நீங்கள்தானே போட்டனீங்கள், அண்ணை. எப்ப வெளிக்கிடுறியள்?”