மூன்றாவது சிலிண்டர்

“திருத்த வேண்டாம் தம்பி. என்ன பிழையெண்டு மட்டும் பாத்துச் சொன்னால் காணும்.”

கஜேந்திரன் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். கொட்டாஞ்சேனையில் கராஜ் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை.

கேட்டவர் சரோஜினிதேவி. வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது. அவருக்குப் பின்னால், வாசலை ஒட்டி, பிரசாந் என்ற இளைஞன் நின்றான். அவர்கள் கொண்டுவந்த கறுப்பு டேர்போ காரை ஒரு டிரைவர் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

“ஆறுதலா ஓடேக்க ஒண்டும் தெரியாது. வேகமெடுக்கப் போனால்தான் திக்கித் திக்கி நிக்குதாம். ரெண்டு கராஜில காட்டினது. கார் நல்லா இருக்கெண்டு சொல்லிட்டினம்.”

“உங்க மகன்தானே ஓட்டுறது? அவரையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்களேன்.”

“அவர் இப்ப ஸ்டியரிங்கில கை வைக்கிறேல்ல.”

பிரசாந் தலையைக் குனிந்துகொண்டான்.

“சரி, நானே ஓட்டுறேன். தம்பி, நீங்க வந்து பக்கத்துல இருந்து, எஞ்சின்ல பிழை வந்தா காட்டுற இந்த ஸ்கேனரைப் பாருங்க.”

“அவர் நிக்கட்டும். நான் வாறன்,” என்றார் சரோஜினிதேவி.

“வேகமா போகணும்மா. பயந்துருவீங்க.”

“பயந்தாலும் பரவாயில்லை. நான்தான் வரவேணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் தெருவில் நெரிசல் இல்லை. பேலியகொடையில் அதிவேகப் பாதையில் ஏறியதும் கஜேந்திரன் முன்னும் பின்னும் பார்த்தான். பாதை வெறுமையாக இருந்தது. காரை மெதுவாக்கி, மூன்றாவது கியரில் போட்டு, அக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தான்.

கார் சீறிப் பாய்ந்தது. இருவரின் முதுகும் ஆசனத்தில் அழுந்தியது. அடுத்த கணமே யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் கார் குலுங்கியது. சைலன்சரில் டப் டப்பென்று வெடிச் சத்தம். காலை எடுக்காமலே இருந்தும் வேகம் ஏறவில்லை.

“மூணாவது சிலிண்டர் எரியல,” என்றான், அவர் மடியிலிருந்த ஸ்கேனரை எட்டிப் பார்த்து. காலை எடுத்ததும் எஞ்சின் ஒன்றும் நடக்காததுபோல் சீராக ஓடியது.

சரோஜினிதேவி கண்களை இறுக மூடியிருந்தார்.

“இன்னொருக்கா செய்யுங்கோ,” என்றார்.

மறுபடியும் அதே குலுக்கல்.

“மெதுவா போறப்ப சின்னப் பொறி பட்டாலே பெற்றோல் பத்திக்கும். முழுசா மிதிச்சா டேர்போ காத்தை அமுக்கித் தள்ளும். அந்த அமுக்கத்துல பலமில்லாத பொறி அணைஞ்சு போகும். மத்தவங்க மெதுவா ஓட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பாங்க.”

“பொறி ஏன் பலமில்லாமப் போச்சு?”

“பொறிக்குக் கரண்ட் குடுக்கிற கொயிலா இருக்கலாம், பொறி விழுற பிளக்கா இருக்கலாம். உறுதியா சொல்ல இன்னொரு தடவை ஓட்டணும்.”

கராஜுக்குத் திரும்பி, மூன்றாவது சிலிண்டரின் கொயிலைக் கழற்றி முதலாவதில் போட்டான். முதலாவதின் கொயிலை மூன்றாவதில் பொருத்தினான். மீண்டும் அதிவேகப் பாதைக்குப் போனார்கள். அவரும் மீண்டும் ஏறினார். இம்முறை முதலாவது சிலிண்டர் நின்றது.

“கொயில்தான். கழட்டின இடத்துல நல்லாயிட்டு, போட்ட இடத்துல நிக்குது. இதுல சந்தேகமே இல்லம்மா.”

கராஜில் இறங்கிய பிறகும் சரோஜினிதேவி காரைவிட்டு விலகவில்லை. பொனெட்டில் கை வைத்தபடி கேட்டார்.

“ஒரு லொறியை முந்தேக்க இப்பிடி நிண்டால், ஓடுறவர் என்ன செய்யலாம்?”

கஜேந்திரன் யோசித்தான். “பக்கத்துல லொறி இருக்கு. முன்னுக்குப் போக இழுவை இல்ல. பிரேக் போட்டுப் பின்னுக்கு வரலாம். அதுக்கு நேரம் வேணுமே. எதிர்ல ஒண்ணு வந்துட்டா, பெரிசா ஒண்ணும் செய்ய ஏலாது.”

“எதிரில மோட்டர் சைக்கிள் ஒண்டு வந்தது. வத்தளைக்கு அங்கால. இடம் காணாமல் ஒதுங்கி மதிலில அடிச்சு, அந்த இடத்திலேயே உயிர் போயிட்டுது. கார் இழுக்கேல்லையெண்டு இவர் அந்த நாளிலயிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒருத்தரும் நம்பேல்ல. தப்பப் பொய் சொல்லுறாரெண்டு நானும்தான் நினைச்சனான்.”

வாசலில் நின்ற பிரசாந் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். சரோஜினிதேவி அவனருகே போய் அவன் தோளில் கை வைத்தார்.

“அந்த இடத்தில முந்தினது பிழைதான் தம்பி. அதை நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனா நீர் பொய் சொல்லேல்ல.”

“அம்மா...” என்றான் அவன்.

சரோஜினிதேவி கஜேந்திரனிடம் திரும்பினார். “வாற கிழமை வழக்கு. நீங்கள் கோட்டுக்கு வந்து இதைச் சொல்லுவீங்களோ?”

“கட்டாயம் வாறேம்மா. மகனைக் காப்பாத்த நீங்க இந்த வயசுல இவ்வளவு அலையிறப்ப, நான் வராம இருப்பேனா?”

அவர் பிரசாந்தின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இவர் வேற ஒரு தாய் பெத்த பிள்ளை, தம்பி,” என்றார். “மோட்டர் சைக்கிளில வந்ததுதான் என்ர மகன்.”